ஒரே இலையில் விருந்து

ஷார்ஜாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றேன். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும். முன்னால் நின்றவர்கள் ஒரு தூத்துக்குடி மாமியாரும் அவளுடைய பிலிப்பைன்ஸ் மருமகளும். மருமகள் தமிழ்தான் பேசினாள், அதுவும் மாமியாரின் தமிழ்.

"ஒரே இலையில இத்தன பேரா? எம் பேரன் ஞானஸ்நானமா இருந்தாலும் அந்த எச்சி விருந்துக்கு நான் வரமாட்டேன்."

"எச்சி இல்ல மாமி. மேசை நீளத்துக்கு இலைய விரிச்சு, சோறும் மீனும் நடுவுல வைப்போம். அவங்கவங்க முன்னால உள்ளத அவங்கவங்க கையால சாப்பிடணும்."

"கையாலயா? வீட்டுல தெனமும் கரண்டி புடிக்கவ நீதானட்டி?"

"கரண்டி வெள்ளக்காரன் பழக்குனது. சாமியும் பேரும் ஸ்பெயின்காரன் குடுத்தது. இலையும் கையும் அவங்க வாரதுக்கு முன்னாலயே எங்களுக்கு இருந்துச்சு."

மாமியார் கூடையைக் காலால் முன்னே தள்ளினாள்.

"எங்களுக்கும் சாமியும் பேரும் கப்பல்லதான் வந்துச்சு. போர்ச்சுக்கல் பறங்கி கொண்டாந்தான். ஆனா சோத்த எப்படித் திங்கணும்னு எவனும் எங்களுக்குச் சொல்லித் தரல."

"அதத்தான் மாமி நானும் சொல்லுதேன்."

"சொல்லுவ, சொல்லுவ. எம் மவன் வாயாடியத்தான் பாத்துக் கெட்டியிருக்கான்."

"அப்ப விருந்துக்கு வருவீங்களா?"

"வராம? ஆனா மொத எடம் எனக்குத்தான்."

"ஒரே இலையில எல்லாமே மொத எடந்தான் மாமி."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள்.