மக்டலீனுக்கு டொக்டர் கொடுத்த கடிதம்

நிரூபா பிள்ளைக்கு,

பதினொரு வருடத்தில் நான் வேலைக்குப் பிந்திப் போனது இரண்டே நாள்தான். இரண்டும் பனி கொட்டிய நாட்கள். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது என்று தெரிந்து, அதற்கு முந்திய பஸ்ஸில் ஏறிவிடுவேன். என்னைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது எல்லோரும் முதலில் இதைத்தான் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். வேரோனிக்கா அன்ரி நேரம் தவறமாட்டா, ஒரு காகிதத்தையும் தவறவிடமாட்டா என்றார்களாம். அது உண்மைதான். இந்தக் காகிதமும் தவறவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

இல்லத்தின் வக்கீல் நீங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் என் பதில் கட்டையாகிவிடும் என்று தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், நன்றி. உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதும் தெரியும். தயவுசெய்து உங்கள் அம்மாவைக் கொண்டு வாசிப்பிக்காதீர்கள். அவருக்கும் வன்னியில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

இல்லம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம். எழுபது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய காப்புறுதிக் காகிதங்கள் எல்லாம், பல்லுக்கு, கண்ணாடிக்கு, மருந்துக்கு என்று, என் மேசைக்குத்தான் வரும். படிவம் சரியில்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் சமையலறைப் பிள்ளைகள், சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டா என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

2008 இலையுதிர் காலத்தில் காப்புறுதியைப் புதுப்பித்தபோது நிர்வாகசபை ஒரு முடிவெடுத்தது. பிள்ளை உண்டாவதைத் தடுக்கிற மாத்திரைக்கோ சாதனத்துக்கோ இனிமேல் காப்புறுதி இல்லை, திருச்சபையின் படிப்பினைக்கு அது பொருந்தாது என்று தீர்மானம். ஆனால் அந்தச் சபையில் இருந்த சிஸ்டர் ஐலீன் அதில் ஒரு விலக்கு வைக்கச் செய்தா. நோய் காரணமாகத் தேவைப்பட்டால், டொக்டர் கடிதம் கொடுத்தால், நான் ஒரு படிவத்தை இணைத்துக் காப்புறுதிக் கொம்பனிக்கு ஃபாக்ஸ் பண்ண வேண்டும். நோய்க்கு வைத்தியம் செய்வது பாவம் இல்லை என்று சிஸ்டர் என்னிடம் நேரில் சொன்னா. ஆகவே இதில் சிஸ்டர்மாரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவர்கள் திறந்து வைத்த கதவு அது. பூட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது.

எனக்கும் இந்த விஷயத்தில் பெரிய கொள்கை ஒன்றும் இருந்ததில்லை. மகள் பிறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் நானும் கர்ப்பப்பையில் லூப் போட்டவள்தான். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன், அவர் செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதோடு முடிந்தது.

அன்ரனெற் என் ஒரே மகள். வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டாள். புருஷன் ஷெல் விழுந்து போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். கடைசியாக அவள் போன் எடுத்தது 2009 ஜனவரி இருபத்திரண்டாம் திகதி. யாரோ காசு வாங்கிக்கொண்டு பேசக் கொடுத்த போன். "பங்கருக்குள்ள தண்ணி நிக்குது அம்மா. பிள்ளையள் நிண்டுகொண்டு நித்திரை கொள்ளுதுகள்" என்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பெப்ரவரி முழுவதும் இல்லை. ரொறன்ரோவில் எங்கள் சனத்தில் பாதிப் பேர் அப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள், குளிக்கப் போனார்கள். நான் செத்த பிள்ளைகளின் படங்களை இன்ரநெற்றில் பெரிதாக்கிப் பெரிதாக்கி முகம் பார்த்தேன். ஒரு பேரன் மாதிரி இருந்தால் காதைப் பார்ப்பேன். அவனுக்குக் காதுக்குப் பக்கத்தில் ஒரு மறு உண்டு.

எல்லோரும் நேர்த்தி வைத்தார்கள். மெழுகுதிரி, உபவாசம், மொட்டை, முழங்காலில் நடப்பது. நானும் வைத்தேன். அவ்வளவு பேர் வைத்தும் ஒவ்வொரு நாளும் சனம் செத்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மாதாவுக்கு இந்த மெழுகுதிரி மட்டும் காணாது என்று யோசித்தேன். எனக்கு நோகாத எதையும் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. எனக்கு நோகக்கூடிய இடம் என் வேலை. அதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை என்பதுதான் என் ஒரே பெருமை. ஆகவே மடு மாதாவிடம் சொன்னேன்: உன் மகள்மார் நடத்துகிற இல்லத்தில், என் கையால், ஒரு உயிரின் வரவைத் தடுக்கிற காகிதம் இனிப் போகாது. நீ என் மூன்று உயிரையும் காப்பாற்று. சொன்னவுடன் மனம் சமாதானமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காக நித்திரை கொண்டேன்.

மக்டலீன் மார்ச் நாலாம் திகதி வந்தாள்.

அவளை உங்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். வயது முப்பத்தொன்று. முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற வேலை. புருஷன் அருள்நாயகம் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுகிறவர். மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தார்கள், ஆறு வயதில் ஒரு மகள். சின்ன வயதில் ஊரில் வந்த காய்ச்சலால் அவளுடைய இதயம் பழுதாகி, இங்கே வந்த பிறகு உலோக வால்வு ஒன்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தால் மணிக்கூடு மாதிரிக் கேட்கும். கண் தெரியாத கிழவி ஒருத்தி அந்தச் சத்தத்தை வைத்தே மக்டலீன் வந்துவிட்டாள் என்று சொல்லுவா.

அவள் கொண்டுவந்த கடிதம் அரைப்பக்கம். உலோக வால்வும் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரையும் இருப்பதால் இன்னொரு கர்ப்பம் இவருடைய உயிருக்கு ஆபத்து, ஆகவே ஹோர்மோன் லூப் ஒன்று போட வேண்டும், விரைவில் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. விலை நானூறு டொலருக்குக் கிட்ட. எனக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். இரண்டு தரம் வாசித்தேன். படிவத்தை நிரப்பி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் போனதும் இரண்டையும் என் மேசையின் கீழ் லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளில் எனக்கு விருப்பம் என்றே சொல்லலாம். மாதா என்னைச் சோதிக்க வேண்டுமென்றால் விருப்பமில்லாத ஒருத்தியை அனுப்பியிருப்பாவா?

இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அடுத்த கிழமையும் கேட்டாள். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அன்று மத்தியானம் இல்லத்தின் கடிதத்தாளில் ஒரு கடிதம் அடித்தேன். உங்கள் விண்ணப்பம் காப்புறுதிக் கொம்பனியால் ஏற்கப்படவில்லை என்று இரண்டு வரி. என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். மக்டலீன் அதை வாசித்துவிட்டு, நீங்கள் பாடுபட்டது போதும் அன்ரி என்று என் கையைப் பிடித்தாள்.

பிறகு அவள் தானே காசு சேர்க்கத் தொடங்கினாள். இதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏப்ரலில் யூனிவேர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இரவு பகலாக நின்றது. வேலை முடிந்து நானும் போவேன். மக்டலீன் மடக்குக் கதிரையோடு வருவாள், நின்றால் அவளுக்கு மூச்சு இளைக்கும். வன்னிக்குச் சாப்பாட்டுக் கப்பல் அனுப்பக் காசு சேர்த்தார்கள். தன்னிடம் முந்நூற்றைம்பது இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் லூப் போடலாம் என்று என்னிடம் சொன்னாள். அங்கே பிள்ளைகள் பால்மா இல்லாமல் சாகுதுகள், நீ இங்கே பிள்ளை வராமல் இருக்கவா காசு சேர்க்கிறாய் என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் அழுதுவிட்டு அடுத்த நாள் முழுவதையும் கொண்டுவந்து பெட்டியில் போட்டாள்.

மே பதினெட்டில் எல்லாம் முடிந்தது. அந்தக் கிழமை நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வேலைக்கு மட்டும் போனேன். இருபத்துநாலாம் திகதி, ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கப் போன் அடித்தது. வவுனியா முகாமில் இருந்து, இரவல் போன். "அம்மா, நான் இருக்கிறன். பிள்ளையளும் இருக்குதுகள்." அவ்வளவுதான், அறுந்துவிட்டது. நான் குசினி நிலத்தில் விழுந்து கிடந்து அழுதேன். கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று உயிரும் கிடைத்துவிட்டன.

எட்டு நாள் கழித்து மக்டலீன் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். ஏழு கிழமைக் கர்ப்பம் என்றாள். கவனமாகத்தான் இருந்தார்களாம், ஆனால் அருள்நாயகம் ட்ரக்கில் இருந்து வருகிற நாட்களை யார் கணக்குப் பார்ப்பது. இந்தக் கர்ப்பத்தை வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். அவள் பயந்த பிள்ளை. சாவுக்கும் பயம், பாவத்துக்கும் பயம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை, அன்ரனெற் திரும்ப எடுத்தாள். இந்த முறை பத்து நிமிஷம் பேசினோம். கடைசி நாட்களில் எப்படித் தப்பி வந்தாய் என்று கேட்டேன்.

"கடைசி நாளிலயோ? நாங்கள் பெப்ரவரியிலேயே வந்திட்டம் அம்மா" என்றாள். "எனக்குக் காலில காயம். செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தி பிள்ளையளையும் என்னையும் திருகோணமலைக்குக் கொண்டு வந்தவை. பதினாறாம் திகதி. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு முகாம். போன்தான் கிடைக்கேல்லை."

பெப்ரவரி பதினாறு. மக்டலீன் கடிதம் கொண்டுவந்தது மார்ச் நாலு. நான் அந்த லாச்சியைப் பூட்டியபோது என் மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

உங்கள் கேள்விகளில் முக்கியமானது, எப்போது உங்களுக்குத் தெரிந்தது என்பது. இப்போது எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை நான் ஒளித்திருக்கத் தேவையில்லை என்று ஜூன் ஒன்பதாம் திகதி தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே மக்டலீன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

ஆனால் நான் இரவெல்லாம் யோசித்தேன். நான் செய்தது ஒன்றுக்கும் உதவவில்லை என்றால், நான் ஒரு நல்ல பிள்ளைக்குச் சும்மா கெடுதல் செய்த கிழவி. அப்படி இருக்க முடியாது. மாதாவுக்கு நேற்று, நாளை என்று இல்லை. நான் மார்ச்சில் என்ன செய்வேன் என்று பார்த்துத்தான் பெப்ரவரியில் கப்பலை அனுப்பினா. அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. இப்போது அந்தக் குழந்தை பிறக்காவிட்டால்தான் என் நேர்த்தி பொய்யாகும். கிடைத்ததைத் திருப்பி எடுத்துவிட்டால் என்ன செய்வது? முகாமில் இருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் நானே மில்லிக்கனுக்குப் போனேன். அருள்நாயகம் வீட்டில் இல்லை. தேத்தண்ணி தந்தாள். வால்வின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்ரி, நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். "நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

"மாதா தந்த பிள்ளை. வைச்சிரு" என்றேன். "என்ரை மகளை அவ்வளவு ஷெல்லுக்குள்ளால கொண்டு வந்தவ உன்னை விடுவாவே?"

அவள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து அவர்கள் கொடுத்த நாளை ரத்துச் செய்தாள். எனக்கு முன்னால்தான் பேசினாள். ஆங்கிலத்தில் ஒரு சொல் வராமல் என்னைப் பார்த்தாள், நான் சொல்லிக் கொடுத்தேன்.

மருந்தை மாற்றினார்கள், வயிற்றில் ஊசி போடச் சொன்னார்கள். செப்டெம்பர் இருபத்தாறாம் திகதி வால்வில் இரத்தம் கட்டியானது. ஆம்புலன்ஸ் வர முதலே முடிந்துவிட்டது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை. செத்தவீட்டுக்கு நான் போனேன். அவளுடைய மகளுக்குத் தலைமயிரை இழுத்துக் கட்டினேன். மரணக் காப்புறுதி கேட்கப் போன அருள்நாயகம் என் இரண்டு வரிக் கடிதத்தையும் காட்ட, அப்படி ஒரு விண்ணப்பம் எங்களுக்கு வரவே இல்லை என்று கொம்பனி சொன்னது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, ஓம். கடிதத்தை ஒளித்தது நான். பொய்க் கடிதம் எழுதியது நான். அவள் சேர்த்த காசைக் கைவிடச் செய்ததும், அவளை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நிறுத்தியதும் நான்தான். இன்னொரு கர்ப்பம் அவளைக் கொல்லும் என்று டொக்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தவளும் நான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா என்று கேட்டிருந்தீர்கள். பாவம் என்றால்தானே அங்கே சொல்ல வேண்டும்.

அன்ரனெற்றிடம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உயிரோடு இருப்பதற்கு என்ன கொடுக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "எனக்காகச் செய்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. முகாமில் போன் கிடைப்பது கஷ்டம்.