ஒரு சக்கரத்தில் மட்டும் சிவப்பு

சின்னா, நீ செய்ததைத்தான் சொல்கிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் பெயர் பானுப்பிரியா, வயது 38, கணவர் பெயர் வெங்கடரமணன். அருப்புக்கோட்டையில் குடியிருந்து பவர்லூம் ஓட்டுகிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். இறந்துபோன பாலமணிகண்டன் என் உடன்பிறந்த தம்பி. வீட்டில் சின்னா என்போம். பழைய கார் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்டினான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிபருக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னான். "டயருக்குள்ள ஒளிஞ்சு கெடக்குறதுக்கு எதுக்குடா லிப்ஸ்டிக்கு?" என்று கேட்டேன். "வண்டி நின்னா சக்கர ஓட்டை வழியா தெரியும்க்கா. ஒனக்கு ரசனையே கெடையாது" என்றான். அதன் பிறகு துரு போகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். அதன் பிறகு தட்டிலும் ரப்பர் குழாயிலும் பெயிண்ட் படாமல் இருக்க, சாயம் ஏறக் கூடாத இடத்தில் நூலைக் கட்டுவது போல நானே துணி சுற்றி டேப் ஒட்டினேன். காய்ந்த பிறகு நானே பிரித்தேன். தட்டில் முகம் பார்க்கலாம், அப்படி இருந்தது. அதன் பிறகு சக்கரத்தை மாட்டி, தெருக்கோடி வரை ஓட்டிப் போய் பிரேக் பிடித்துக் காட்டினான். இடது பக்கம் அடிப்பதற்குள் பந்தல்குடியிலிருந்து சவாரிக்குக் கூப்பிட்டார்கள். "வந்து அடிக்கிறேன்க்கா, டப்பா மூடிய இறுக்கி வையி, காஞ்சுரும்" என்று சொல்லிப் போனான்.

போகிற வழியில், டீக்கடையிலிருந்து சிக்னல் போடாமல் ரோட்டுக்கு ஏறிய லாரியில் மோதி இறந்துவிட்டான். காரின் சக்கரத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டு வந்த லாரி ஓனர் விஜயபாண்டி என்பவர், ஆஸ்பத்திரி வாசலில், "பிரேக்குக்கே பெயிண்ட் அடிச்சவன் எப்படிம்மா நிப்பான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தறியை ஓட்டினால் நிறுத்துகிறேன், நிறுத்தினால் ஓட்டுகிறேன். காரியம் முடியும் முன்பே பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் டயர் தேய்த்த கறுப்புக் கோடுகள் இரண்டு இருந்தன. வெயிலில் குனிந்து முழம் போட்டு அளந்தேன். இரண்டும் ஒரே நீளம். பெயிண்ட் அடித்த சக்கரமும் அடிக்காத சக்கரமும் ஒன்றுபோலத்தான் பிடித்திருக்கின்றன. அந்தக் கோடுகளின் மேல் இப்போதும் லோடு லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அழிவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும். ஸ்டேஷனில் நிற்கும் காரின் சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய ஸ்டேஷன் ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் கிடையாது என்று கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு அடியில் இதையும் எழுதச் சொன்னேன்: சின்னா, டப்பா மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். மிச்சமிருக்கிற இடது பக்கத்தை நானே அடித்துவிடட்டுமா?