வரவு வைக்காத கட்டில்

– வண்டி காலியா வந்து நிக்குது. கட்டில் எங்கங்க?

– முதல்ல கொஞ்சம் தண்ணி குடு.

– ஜாடி உங்க கைகிட்டதான் இருக்கு. குடிச்சுக்கிட்டே சொல்லுங்க. கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுல வாடகைக்கு இருந்த கட்டிலை எடுத்துட்டு நேரா இங்க வரணும். இங்க கழுவித் துடைச்சு, பதிஞ்சு, அப்புறம்தான் டீச்சர் வீட்டுக்குப் போகணும். அவங்க அம்மாவை இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்றாங்க. வேற ஒரு கட்டில்கூட கையில இல்லாம, இதை நம்பித்தான் அந்தப் பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்தேன்.

– கட்டில் டீச்சர் வீட்டுலதான் இருக்கு. அவங்க அம்மா வந்து படுத்தாச்சு. போதுமா?

– இங்க வராம நேராவா கொண்டு போனீங்க?

– வழியிலதானே இருக்கு, பாத்துக்கோ. அங்கேயே மருந்துத் தண்ணி போட்டு ரெண்டு தடவை துடைச்சேன். மெத்தை வண்டியில புதுசு இருந்துச்சு, அதைப் போட்டாச்சு. எடுத்துட்டு இங்க வந்து, மறுபடி அந்தப் பக்கமே போறதுக்கு என்ன அவசியம்?

– வழி வேற, வரிசை வேற. கண்ணாடிக்காரர் கணக்குலேர்ந்து கட்டில் உள்ள வந்தாத்தான் டீச்சர் கணக்குல வெளிய போகும். இங்க வந்து பாருங்க. டீச்சர் பேரை அடிச்சதும் கம்ப்யூட்டர் சிவப்புல காட்டுது. இந்தக் கட்டில் ஏற்கெனவே வெளியே இருக்குன்னு சொல்லுது.

– அது சொல்றதும் நிஜம்தானே. வெளியதான் இருக்கு.

– கிண்டல் பண்ணாதீங்க. வராத கட்டிலை வந்துச்சுன்னு பொய் எழுதினாத்தான் இது பச்சையாகும். ஒரு பொய் எழுதினா அதுக்குத் துணையா இன்னொண்ணு எழுதணும். நாம முன்னாடி இருந்த நிலைமை மறந்துடுச்சா? ஒரு சக்கர நாற்காலியைக் காணோம்னு தெருத்தெருவா அலைஞ்சோம். கடைசியில பாத்தா, குணமாகிப் போன ஒருத்தர் அதுல பூந்தொட்டி வெச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தார்.

– நல்ல மனுஷன். அவருக்கு அது நம்மளதுன்னே மறந்து போச்சு.

– நமக்கே மறந்து போச்சுல்ல, அதைச் சொல்றேன். உங்க சட்டைப் பைதான் அப்ப நமக்கு ஆபீஸ். ரசீது, போன் நம்பர், யாரு என்ன எடுத்தாங்கங்கற சீட்டு எல்லாமே அதுக்குள்ள. ஒரு தடவை சட்டையோட சேந்து துவைக்கப் போயி, அந்த மாசக் கணக்கு மொத்தமும் கூழா வெளிய வந்துச்சு. ஆடிட்டர் எதிர்ல அந்த உருண்டையை வெச்சுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன்.

– அவர்கூட சிரிச்சாரே.

– அவர் சிரிச்சார். எனக்கு அழுகை வந்துச்சு. அதுக்கப்புறம்தானே ஒவ்வொரு கட்டில் காலுக்கும் நம்பர் ஒட்டினேன். இந்த மூணு தட்டு வாங்கி வெச்சேன். வந்தது, போனது, பாக்க வேண்டியது. அன்னன்னிக்குச் சீட்டை அன்னன்னிக்கே படம் எடுத்து உள்ள ஏத்திட்டா, சாயங்காலம் மேசை காலி. வருஷக் கடைசியில இப்ப நாம யாராவது பதறுறோமா?

– இல்ல. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேனே, எங்க வீட்டம்மா வந்தப்புறம்தான் கடை கடையா இருக்குன்னு.

– ஊருக்குச் சொல்றீங்க, வரிசையை மட்டும் பின்பத்த மாட்டீங்க. சரி, திரும்பக் குடுத்த சீட்டுல கையெழுத்து வாங்கினீங்களா?

– வாங்கினேன். இந்தா.

– மறுபடியும் சட்டைப் பை.

– ஒரே ஒரு சீட்டுதானே.

– என்னங்க இது, காரணம்னு இருக்கற கட்டத்துல ஒண்ணுமே எழுதல? குணமாயிட்டாங்க, வேற கட்டில் மாத்திட்டாங்க, அப்படி ஏதாவது ஒண்ணு போடணுமே. அவர் சம்சாரம் எழுந்து நடக்கறாங்களா?

– அந்தக் கட்டத்தை அவர் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் அதை விட்டுட்டுக் கீழ கையெழுத்தைப் போட்டார். நானும் கேக்கல.

– ஏன்?

– அந்தம்மா இல்ல.

– ஐயோ. என்னிக்கு? இன்னிக்குக் காலையிலதானே அவர்கிட்டேர்ந்து திருப்பித் தர்றேன்னு பதில் வந்துச்சு.

– இன்னிக்கு நேத்து இல்ல. மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.

– மழைக்கு முன்னாடியா?

– ஆமா.

– மழைக்கு முன்னாடியேவா? அவரே சொன்னாரா?

– அவர்தான் சொன்னார். ஏன் அப்படிப் பாக்கற?

– ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. ஆரம்பத்துலேர்ந்து வரிசையா சொல்லுங்க.

– போய்க் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். ஆளு இளைச்சிருந்தார், ஆனா சட்டையெல்லாம் பளிச்சுன்னு. கட்டில் எடுக்க வந்தேன்னதும், வாங்க வாங்கன்னு உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். காத்து மெத்தைக்குப் போடற அந்தச் சின்ன மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பாத்துக்கோ. மெத்தை உப்பி இறங்கி, உப்பி இறங்கிக்கிட்டு இருக்கு. தலைப் பக்கம் பாதி தூக்கி வெச்சிருக்கு. விரிப்புல ஒரு சுருக்கம் இல்ல. பக்கத்து முக்காலியில அந்தம்மாவோட மூக்குக் கண்ணாடி, துடைச்சுத் துடைச்சு அவ்வளவு தெளிவா இருக்கு. நான் மெதுவா, அம்மா குளிக்கப் போயிருக்காங்களான்னு கேட்டுட்டேன்.

– கேட்டுட்டீங்களா.

– எனக்கென்ன தெரியும்? இங்க நீ குடுத்த சீட்டுல, போன மாசம் வரைக்கும் தொடரட்டும்னுதானே இருக்கு. அவர் கோவிச்சுக்கல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரச் சொல்லிட்டு, அப்புறம் சொன்னார். காரியமெல்லாம் முடிஞ்சதும் சொந்தக்காரங்க, கட்டிலை அனுப்பிடுங்க, பாக்கப் பாக்க மனசு கஷ்டப்படும்னு சொன்னாங்களாம். அவரும் சரின்னுதான் இருந்தாராம். நம்மளைக் கூப்பிடணும்னு போனைக் கையில எடுத்திருக்கார். அந்த நேரம் பாத்து நம்ம மெசேஜ் போயிருக்கு.

– நம்ம மாசாந்திர மெசேஜா?

– அதேதான். கட்டில் இன்னும் வேணுமா, அம்மா எப்படி இருக்காங்கன்னு இருந்துச்சாம். அவங்க போயிட்டாங்கன்னு எழுத ஆரம்பிச்சு, கை வரல, அழிச்சுட்டேன்னார். அன்னிக்கு வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அவரைப் பத்தித்தான் கேட்டிருக்காங்க. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, தனியா இருந்துடுவீங்களான்னு. அவளைப் பத்திக் கேக்கறதை எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்திட்டாங்கன்னு சொன்னார். கடைக்குப் போனாலும் சரி, எதிர் வீட்டுக்குப் போனாலும் சரி, அவ பேர் வந்தா பேச்சை மாத்திடறாங்களாம். உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் அவ இன்னும் அந்தக் கட்டில்ல படுத்திருந்தா, அங்கேர்ந்து மட்டும்தான் எப்படி இருக்காங்கன்னு ஒரு கேள்வி வந்துச்சு, அதைக் கெடுக்க மனசு வரலன்னார்.

– அதனால தொடரட்டும்னு போட்டுட்டார்.

– மாசாமாசம். வாடகையும் தவறாம அனுப்பியிருக்கார். நான் உடனே சொன்னேன், ஆள் இல்லாத கட்டிலுக்கு வாங்கினது எங்களுக்கு வேண்டாம், வீட்டுல சொல்லித் திருப்பிடறேன்னு. கையை இப்படி ஆட்டி வேண்டாம்னுட்டார். நான் கட்டிலுக்கா குடுத்தேன்னு கேட்டார்.

– அப்புறம் இன்னிக்கு மட்டும் ஏன் திருப்பித் தர்றேன்னு சொன்னார்? நீங்க கேட்டீங்களா?

– கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். இந்த மாசம் வந்த மெசேஜ்ல, தொடர ஒண்ணை அழுத்தவும், திருப்பித் தர ரெண்டை அழுத்தவும்னு மட்டும்தான் இருக்கு. எப்படி இருக்காங்கங்கற வரி இல்ல. ரொம்ப நேரம் மேல கீழ தள்ளிப் பாத்தாராம். சரி, இங்கேயும் தெரிஞ்சு போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டை அழுத்திட்டார்.

– எனக்கு ஒண்ணுமே தெரியாதே.

– உன்னைக் குத்தம் சொல்லல. அவரும் சொல்லல. ஒரு விதத்துல நல்லதுதான், இல்லேன்னா நான் எத்தனை வருஷம் இப்படியே இருந்திருப்பேனோன்னார். ஆனா கட்டிலைக் கழட்டறதுக்கு அந்த மோட்டாரை நிறுத்தினேன் பாரு, மெத்தை மெதுவா இறங்குச்சு. அவர் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்பதான் வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பிட்டாங்க, இந்தக் கட்டிலுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க, நீங்களும் கூட வாங்கன்னேன்.

– அவரையா கூட்டிட்டுப் போனீங்க?

– வண்டியில முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டார். இங்க வந்து, கழுவி, பதிஞ்சு, சீட்டு போட்டுன்னு இருந்தா அவர் மனசு மாறி இறங்கிடுவாரோன்னு பயம். அதான் நேராப் போனேன். இப்பப் புரியுதா?

– புரியுது. சிவப்பு இருந்துட்டுப் போகட்டும். அங்க என்ன ஆச்சு?

– அந்த டீச்சர் பொண்ணு பயந்து போய் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்மாவை எப்படித் திருப்பறது, எப்படி உக்கார வெக்கறது, ஒண்ணும் தெரியல. நான் போல்ட்டு முடுக்கறதுக்குள்ள இவர் சட்டைக் கையை மடிச்சுவிட்டார். முழங்கால் நடுவுல தலகாணி வெக்கணும், குதிகால் மெத்தையில அழுந்தக் கூடாது, இந்தப் பக்கக் கம்பி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், மேல தூக்கித்தான் இறக்கணும், ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கறார். நான் இத்தனை வருஷமா கட்டில் மாட்டறேன், எனக்கே பாதி தெரியாது. கிளம்பலாமான்னு கேட்டா, நீங்க போங்க, அவங்க ஒரு தடவை புரண்டு படுத்ததும் நான் நடந்து போயிக்கறேன்னுட்டார். நாளைக்கும் வந்து பாக்கறேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார்.

– அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?

– அது அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல.

– நல்லவேளை. நல்லவேளைங்க.

– அப்புறம் வண்டி வரைக்கும் வந்து ஒண்ணு கேட்டார். உங்க ஆபீஸ்ல மாசாமாசம் அவளைப் பத்தி விசாரிச்சது யாருன்னு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும் போல இருக்குன்னார்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– உள்ளதைச் சொன்னேன். யாரும் இல்லைங்க, அது கம்ப்யூட்டர், எல்லாருக்கும் ஒரே மாதிரி தானா அனுப்பும்னேன். அப்படியான்னு கேட்டார். பரவாயில்ல, அதுவாவது கேட்டுச்சேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். ஏன், என்னாச்சு? ஏன் மேசையைத் திறக்கற? பழைய போனு எதுக்கு இப்ப?

– அது கம்ப்யூட்டர் இல்லங்க.

– போன வருஷமே வாங்கிட்டோமே.

– கணக்குக்கு வாங்கினோம். மெசேஜை மட்டும் போன மாசம் வரைக்கும் நான்தான் ஒவ்வொருத்தருக்கும் கையால அடிச்சேன். பேர் பாத்து, யாரு படுத்திருக்காங்கன்னு பாத்து, அம்மான்னோ அப்பான்னோ குழந்தைன்னோ போட்டு அடிப்பேன். உங்ககிட்ட சொன்னா, காசு குடுத்து மெஷினை வாங்கிட்டு கட்டைவிரலைத் தேய்க்கறியான்னு சிரிப்பீங்கன்னு சொல்லல. வீடு கூடக்கூட முடியல. கழுத்து பிடிச்சுக்குச்சு. இந்த மாசம்தான் போகட்டும்னு அதையும் மெஷின்ல ஏத்திவிட்டேன்.

– அப்ப அவர் பதில் போட்டதெல்லாம்...

– எனக்குத்தான். தொடரட்டும்னு மட்டும் இல்ல, கீழ ரெண்டு வரி எழுதுவார். இருங்க, இதுல இருக்கு. இதோ, மழை ஆரம்பிச்ச மாசம். ‘கட்டில் இருக்கட்டுங்க. இப்போ அவளுக்கு வலியே இல்லை. நல்லா தூங்குறா.’

– நீ என்ன எழுதின?

– ‘கேக்கவே ரொம்ப சந்தோஷமா இருக்குங்க’ன்னு எழுதி, பக்கத்துல ஒரு பூவும் வெச்சு அனுப்பினேன்.