இடமிருந்து ஏழாவது

— பேனா வேண்டாம் அம்மச்சி, இங்க பென்சில் மாத்திரம். பழைய பேப்பர்ல மஷி பட்டா போச்சு, கேட்டோ. ஞானே எழுதிக்கிறேன். நீங்க போட்டோல விரல் படாம காட்டினா மதி, அது போதும்.

— விரல் படாம எப்படிம்மா காட்ட? இந்தா, இங்கன, கூடைக் கயித்தைத் தலையில மாட்டிக்கிட்டு நிக்கேம்லா.

— இடமிருந்து ஏழாவது! நயினார் சாரே, நோக்கிக்கே! கல்லாறு பாலத்துல நிக்கிற பன்னிரண்டு பேர்ல, சாருக்குப் பேர் கிடைக்காம போனது இந்த அம்மச்சிக்குத்தான். எஸ்டேட் பூட்டி, அவங்க காகிதப் பெட்டியெல்லாம் நம்ம யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்து ரெண்டு வருஷம். இப்ப ஆளே நேரா வந்தாச்சு!

— ம். பார்க்கிறேன் ஸ்வப்னா.

— சார் முகம் எந்தா வாடி இருக்கு? ஷுகர் குறைஞ்சுதா?

— ஒண்ணுமில்லை. நீங்க கேளுங்க.

— அம்மச்சி பேர்?

— பொன்னம்மை.

— இந்த போட்டோ இங்க உண்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?

— போன மாசம் கல்லாறு பள்ளிக்கூடத்துல கொண்டாந்து மாட்டியிருந்தீங்கல்லா. எதுத்த வீட்டு எலிசாள் வந்து, 'வாக்கா, நீ படத்துல நிக்க'ன்னா. ஓடிப் போயி பாத்தேன். எலிசாளுக்குப் பேரு இருக்கு, அவ மாமியாருக்கு இருக்கு, கங்காணிக்கு இருக்கு, கணக்கப்பிள்ளைக்கு இருக்கு. எனக்கு மட்டும் 'பெயர் தெரியவில்லை'. நான் மூணாங்கிளாஸ்தான், எழுத்துக்கூட்டி ரெண்டு மட்டம் வாசிச்சேன். அடியில பொடி எழுத்துல, 'தமிழ்க் குறிப்புகள்: நயினார்'னு கிடந்தது. அதையும் வாசிச்சேன்.

— அய்யோ, சாரிட்ட கோபிக்காதீங்க! ரிட்டயர் ஆனப்புறம் ஸ்ரீவராகத்து வீட்டுல இருந்து தினம் வந்து, எங்களுக்கு வாசிக்கத் தெரியாத தமிழ்க் காகிதம் பூரா வாசிச்சுத் தர்றவர். மத்த பதினோரு பேரையும் சார்தான் கண்டுபிடிச்சார்.

— கண்டுபிடிப்பாரு. கெட்டிக்காரரு.

— சேலைக்கு மேல ஆம்பிளைச் சட்டை இட்டிருக்கீங்களே, அது?

— தேயிலை பறிக்கப் போனா அட்டை கடிக்குமேம்மா. எல்லாரும் பழைய சட்டை ஒண்ணு மாட்டிக்கிடுவோம். இது என் தம்பி சட்டை. காலேஜுக்குப் புறப்பட்டப்ப, 'கட்டம் போட்டது வேண்டாம், எஸ்டேட்டுக்காரன்னு சொல்லுவானுவ'ன்னு விட்டுட்டுப் போயிட்டான்.

— தம்பி உண்டா! ஃபாரத்துல அதுக்குத் தனியா கட்டம் உண்டு. அடடா, ஃபாரத்தை மேல வச்சிட்டேன். சாரே, அம்மச்சிகிட்ட பேசிட்டு இருங்க, ஞான் இப்ப வரேன்.

— அக்கா.

— மெதுவாச் சொல்லு. அந்தப் பிள்ளை படியிலதான் ஏறுது.

— பெட்டியைத் தொறந்து இந்தப் படத்தை எடுத்த அன்னிக்கு அந்தச் சட்டையைப் பாத்து அழுதுட்டேன்.

— அழுதுட்டுத்தான் 'தெரியவில்லை'ன்னு எழுதினியாக்கும்.

— இங்க ஒரு சட்டம் உண்டுக்கா. ஒரு பேரை எழுதினா, அது எந்தப் பக்கத்துல கிடைச்சுதோ, அந்தப் பக்கத்தையும் படத்தோட சேத்து எல்லாரும் பாக்க வைக்கணும். எஸ்டேட்டுல அரிசி அளந்த கணக்குப் புக்குல உன் பேரு இருக்க அதே வரியில என் பேரும் கிடக்கு. 'பொன்னம்மை, தம்பி நயினார்.'

— கிடந்தா என்னலே?

— வீட்டுல அவளுக்கு நான் எஸ்டேட்டுக்காரன்னு தெரியாதுக்கா. அவ ஆளுக சாலைக் கடைத்தெருவுல பெரிய வியாபாரிக. நாகர்கோவில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, இப்ப யாருமில்லன்னு சொல்லித்தான் கட்டினேன். நாப்பது வருசம் ஓடிப்போச்சு. மருமகன் வேற இந்த யூனிவர்சிட்டியிலதான்...

— உன் கதை எனக்குத் தெரியாதாலே? பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்க நான் வந்தப்ப, எதுத்தாப்புல வந்தியே. உன் பொண்டாட்டி கேட்டதுக்கு என்னை யாருன்னு சொன்ன? 'ஆபீஸ் தூத்துப் பெருக்குத பொம்பள'ன்ன. நானும் தலையை ஆட்டிட்டு பஸ் ஏறிட்டேன். எங்கிட்டாவது நல்லா இருக்கட்டும்னு விட்டேன். இது அப்படி இல்லலே. நீயும் நானும் போன பொறவும் இந்தப் படம் இங்கதான் இருக்குமாம்லா.

— தப்புதான்க்கா. பெரிய தப்பு. ராத்திரி கண்ணை மூடினா அந்த ஏழாவது முகந்தான் வருது. ஸ்வப்னா வரட்டும். அவ முன்னால வச்சே சொல்லுதேன், இது என் அக்கான்னு. சத்தியமா.

— சத்தியம் எல்லாம் வேண்டாம். சொன்னாப் போதும். அதுக்குத்தான் முட்டுவலியோட ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— கிடைச்சு, கிடைச்சு! கேண்டீன்ல சாயாவும் சொல்லிட்டேன். அப்ப பேர் பொன்னம்மை, இலை பறிச்சது... சரி ஆயி. அடுத்தது கூடப்பிறந்தவங்க. ஒரு தம்பி. அவர் பேர்? காலேஜ்ல படிச்சவர்னா இவிடே எங்கயாவது இருப்பார். சாரே, அவரையும் விளிச்சு வரச் சொல்லலாம், அல்லே?

— ஸ்வப்னா...

— எந்தா சாரே?

— சார் என்னவோ சொல்ல வாராரு. சொல்லுங்க சார்.

— அது... அது வந்து, அந்தக் கட்டம் அவ்வளவு முக்கியமில்லை. அவங்க பேர் மட்டும் போதும். மத்ததைக் காலியா விட்டுடலாம்.

— காலியா விடக்கூடாதே சாரே! சார்தானே எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தது?

— விட வேண்டாம்மா, எழுதிக்கிடுங்க. தம்பி ஒருத்தன். பெயர் தெரியவில்லை.