சின்னசாமிக்கு ஒரு கப்பல் கொடுங்கள்

தன் மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கே வந்து தலைமை இருக்கையில் தனியாக அமர்ந்திருந்த பெரியவர் பட்டாபிராமன் அவர்களே! வங்காளத்துப் பவானிபூரில் பாதி ஆயுளைக் கழித்தும் பைந்தமிழ் மறவாத சான்றோர்களே! விசிறி ஓடாத பக்கம் அமர்த்தப்பட்டும் முகம் சுளிக்காத தாய்மார்களே! தமிழில் கேட்டு வங்க மொழியில் சிரிக்கும் இளைஞர்களே! அரசுக் கப்பல் கட்டும் தளத்தின் வரைபடப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் கோடு போட்டுக் கூன் விழுந்த சுப்புலக்ஷ்மியின் வணக்கம்.

புத்தாண்டு விழாவில் கப்பல் எதற்கு என்று கேட்பீர்கள். இதோ, கேட்டுவிட்டார்கள். "தீதி, கடல் எங்கியோ இருக்கு, நமக்கெதுக்கு?" என்கிறார் கடைசி வரிசைத் தம்பி. தீதி என்றாலும் அக்கா என்றாலும் சரி தம்பி, உன் வீட்டு அடுப்பில் எரிகிற எண்ணெய் எந்த வழியாக வந்தது? டிராமிலா வந்தது? கடல் வழியாக வந்தது. அந்த வழியைக் காப்பது எது? கடற்படை. கடற்படைக்குக் கால் எது? கப்பல். அந்தக் கப்பலைக் கட்டுவது யார்? இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே சோழர் கப்பலைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது மேடை வழக்கம். நான் வாங்கப் போவதில்லை. கடல் கடந்த மன்னன் பெயரைக் குழந்தையும் சொல்லும். அவனுக்குக் கப்பல் கட்டிய ஒரு தச்சன் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்கிறேன். சின்னசாமி. மூன்றாம் வரிசையில், மனைவி அருக்காணி பக்கத்தில், தலை குனிந்திருக்கிறாரே, அவர்தான்.

எங்கள் தளத்து வெல்டர். போர்க்கப்பல் தகட்டைப் பற்றவைக்கச் சான்று வேண்டும். ஆறு மாதம் கப்பல் வேலை செய்யாவிட்டால் அந்தச் சான்று செல்லாது. நல்ல விதிதான். பழக்கம் விட்டுப்போன கையை நம்பி மாலுமிகளைக் கடலுக்கு அனுப்ப முடியுமா? ஆனால் விதி போட்டவர்கள் வேலையும் போட வேண்டாமா?

தொண்ணூற்று நான்கில் கடைசிக் கப்பல் ஆற்றில் இறங்கியது. மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம், சந்தேஷ் இனிப்புத் தின்றோம். மறுநாள் வந்து பார்த்தால் கப்பல் நின்ற சரிவு மேடை காலி. அடுத்த கப்பலுக்கு உத்தரவு இல்லை. இன்று வரும் என்றார்கள், நாளை வரும் என்றார்கள். அதுவரை சின்னசாமிக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பூங்காவுக்கு இரும்புக் கதவு!

அவர் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு கழிவுத் தகடுகளை எடுத்து ஒட்டுவார். அறுப்பார். மறுபடி ஒட்டுவார். மறுபடி அறுப்பார். "என்ன சின்னசாமி இது?" என்று ஒருநாள் கேட்டேன். "கை மறந்துறக் கூடாதுங்கக்கா. உத்தரவு வந்துட்டா ஆளு வேணுமில்லீங்களா?" என்றார். உத்தரவு வரவில்லை, ஆறு மாதம் வந்துவிட்டது. கழிவுத் தகடு கப்பல் வேலை ஆகாதாம். அவர் சான்று போயிற்று. அவரோடு இன்னும் முப்பத்தெட்டுப் பேருடையதும் போயிற்று.

வரும் வியாழக்கிழமை அவர் வெளிநாட்டுக் கப்பல் தளம் ஒன்றுக்குப் போகிறார். அவர்கள் வைத்த சோதனையில் முதல் தகட்டிலேயே தேறினார். போக வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அருக்காணி என்னைப் பார்த்து, "அவரா போகோணும்னு போறாருங்கக்கா? இங்க ஒரு கப்பலைக் குடுங்க, நானே புடிச்சு வெக்கறேன்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை தில்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. அடுத்த கப்பல்களை இங்கே கட்டுவதா, வெளியே வாங்குவதா என்று முடிவு செய்ய வருகிறது. வெளியே வாங்கினால் நம் கப்பலைப் பற்றவைக்கப் போவது யார்? இந்தச் சின்னசாமியாகவே இருக்கலாம்! நம் ஆளை அனுப்பிவிட்டு, அவர் கட்டிய கப்பலுக்காக அயலார் வாசலில் நாம் காத்து நிற்பதா?

"கூடாது" என்கிறீர்கள். சத்தம் போதாது அம்மா, கையெழுத்து வேண்டும். நாம் கேட்பது இதுதான். ஒரு கப்பல் ஆற்றில் இறங்கும் மாதத்திலேயே அடுத்த கப்பலுக்கு அடித்தகடு விழுந்து வேலை தொடங்க வேண்டும். பத்தாண்டுக்கு வேண்டிய கப்பல்களை இன்றே தீர்மானிக்க வேண்டும். அரசே கட்ட வேண்டும், அரசுத் தளத்தில் கட்ட வேண்டும், அடுத்தடுத்துக் கட்ட வேண்டும்!

மனு வாசலில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையதன்று, தலைவருடையதும் அன்று. பெட்டி கட்டிவிட்ட சின்னசாமியுடையது. "இது உங்களுக்கு இனிமேல் பயன்படாதே" என்றேன். "எங்கூட வேலை செஞ்ச முப்பத்தெட்டுப் பேரும் இங்கதானுங்களே அக்கா இருக்காங்க" என்றார்.

நேரம் பார்த்தும் பார்க்காதது போல் இருந்த தலைவருக்கும், பசியோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வங்க மொழியிலும் அதையே சொல்கிறேன், ஷுபோ நபபர்ஷோ. பந்திக்குப் போகும் வழியில்தான் பேனா இருக்கிறது.