மாஸ்டரின் வெண்ணெய்க் காபி

வெண்ணெய் சூடான காபியில்தான் கரையும், மேடம். ஆறின காபியில் போட்டால் திட்டுத் திட்டாக மிதக்கும், குடிக்கும்போது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் டிகாக்‌ஷனைக் கொதிக்கக் கொதிக்க எடுத்து, உப்பில்லாத வெண்ணெய் இரண்டு கரண்டி போட்டு மிக்ஸியில் அடிக்க வேண்டும். மூடியைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்காவிட்டால் ஆவி தூக்கியடித்துச் சுவரெல்லாம் காபியாகிவிடும். நுரை வந்ததும் ஜாரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஐஸ் போட்டு இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது அடியில்தான் விஷயமே இருக்கிறது. என் கணவருக்கு இதெல்லாம் தெரியாது. மிக்ஸியின் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் ஓடும் என்பதே அவருக்குத் தெரியாது.

ஆனால் வீடியோ போடுவது அவர்தான். "வணக்கம் நண்பர்களே, நான் தினமும் என் கையால செஞ்சு குடிக்கிற காபி இது" என்று கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டுவார். நான் கேமராவில் படாமல் ஜாரைக் கழுவிக்கொண்டிருப்பேன். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர். அத்தனை பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்புவார்கள்.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் ஓட்ட, தான் பிரேக் போடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. நான் குழம்பில் உப்புப் போட்டால், "நிறுத்து." தெருவில் யாரோடாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், "நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அதில் என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, டியூபில் பெயர் ஒட்டுவது, சுழற்றுவது, இயந்திரத்தில் வைப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் நானேதான். என் ஊசி வலிக்காது என்று தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. என்ன தெரிந்து, என்ன தெரியாமல் செய்தேன் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும்.

அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில், ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அண்ணன் நாற்பத்தெட்டில், வரிசையில் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே கொழுப்பு அதிகம் என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்து, ஆயுசுக்கும் மாத்திரை போடச் சொன்னார். இவரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் வெண்ணெய்க் காபி குடித்து இளைத்துவிட்டாராம். அன்றோடு வீட்டில் டிபன் நின்றது, காலையில் குளிர்ந்த காபி மட்டும். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, ஏதோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எனக்குக் காட்டினார்.

குழுவில் காட்டுவதற்காக ரத்தம் எடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் எடுத்து, லேபில் சுழற்றினேன். நம் ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அவருடைய டியூபில் மேலே நின்றது பால். மிகைப்படுத்தவில்லை, பாலேதான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மாதிரி மூன்று டியூப்தான் பார்த்திருக்கிறேன்.  அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் அவருடைய குழு ஆட்கள் நான்கு பேர், கூடவே அவருடைய தங்கை. ரிப்போர்ட்டை நீட்டி, "உடனே டாக்டரைப் பாக்கணுங்க, இந்தக் காபியை இன்னைக்கே நிறுத்தணும்" என்றேன். அவர் படித்தார். சிரித்தார்.

"என்னடி இது, உங்க மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் சரியாத்தாங்க இருக்கு. டியூப நானே கண்ணால பாத்தேன்."

"இவ கண்ணால பாத்தாளாம்." மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ரத்தம் எடுக்குறது ஒரு வேலை. அதுக்கு அர்த்தம் சொல்றது வேற வேலை. கொசுகூடத்தான் ரத்தம் எடுக்குது. அதுகிட்டப் போய் நாம ரிப்போர்ட் கேக்குறோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், சும்மா சொல்லக் கூடாது. அவருடைய தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ரிப்போர்ட்டை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "போ, ஒழுங்கா இன்னொரு தடவை பண்ணிட்டு வா. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் காபி போடு."

தங்கை வேண்டாம் என்றாள், ஐந்து தம்ளர் போட்டேன். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஒழுங்காகச் செய்யச் சொல்லியிருந்தார், ஒழுங்காகச் செய்தேன். லேப் திறப்பதற்கு முன், ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, என் இடது கையிலிருந்து ஒரு டியூப் எடுத்து அதில் அவர் பெயரை ஒட்டினேன். எனக்கு எல்லாம் அளவோடு இருக்கும். நான் வெண்ணெய் சாப்பிடுவதில்லை.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? ஒழுங்காப் பண்ணா ஒழுங்கா வருது." போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார், நாற்பது கட்டை விரல் வந்தது. அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, "இனிமே இந்தக் கண்றாவி எதுக்கு?" என்று குப்பைக் கூடையில் எறிந்தார். அன்று சாயங்காலம் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது நான்தான். மாத்திரைகள் மேலாகவே கிடந்தன. நான் பொறுக்கி எடுக்கவில்லை.

நீங்கள் இதை ஏமாற்று என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அவருக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டியிருந்தது, உண்மை வேண்டியிருக்கவில்லை. உண்மையை நான் ஓடிப்போய்க் கொடுத்தபோது மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேறொரு லேபுக்குப் போயிருந்தால் அரை மணி நேரத்தில் குட்டு உடைந்திருக்கும். டாக்டரிடம் போயிருந்தாலும் தெரிந்திருக்கும். போகவில்லை. எல்லாம் தெரிந்த மனிதர் யாரிடம் போவார்?

அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதுதான் வழக்கம். அவரிடமும் ரத்தம் எடுப்பேன், என்னிடமும் எடுப்பேன். அவருடைய டியூபை அப்படியே தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் வேலையில் அரைகுறை எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் அதையும் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். வெள்ளை கூடிக்கொண்டே வந்தது. கடைசித் தடவை டியூபைச் சாய்த்தபோது அது மெதுவாகத்தான் நகர்ந்தது. பார்த்துவிட்டு, கழிவுப் பையில் போட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன்.

வெண்ணெய் அவர் கேட்டது இரண்டு கரண்டி. நான் போட்டது முதலில் மூன்று, அப்புறம் நான்கு. அந்த இரண்டாவது அடியைச் சரியாக அடித்தால் நான்கு கரண்டியும் தெரியாது, வழவழவென்று இறங்கும். "இப்பத்தான் உனக்குப் பதம் வந்திருக்கு" என்று ஒரு நாள் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அவருடைய தங்கை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதில்தான் என்னை மடக்கினீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவர் கூடத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணி, அண்ணன் என்னையும் இதக் குடிக்கச் சொல்லுது. எங்க அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. எனக்கு இது ஒத்துக்குமா?"

"உனக்கு வேணாம்மா," என்றேன். "உனக்குப் பாலும் ஐஸும் போட்டு அடிச்சுத் தரேன், அண்ணன்கிட்டச் சொல்லிக்காத. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட லேபுக்கு வா."

வந்தாள். அவளுக்கும் அதிகம்தான். நானே கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறாள். நேற்று ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, அண்ணி இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்று அழுதாளாம். பாவம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பாள். நாத்தனார் தம்ளரில் வெண்ணெய் போடக் கூடாது என்று தெரிந்தவளுக்குப் புருஷன் தம்ளரில் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தெரியும். அவள் கேட்டாள், சொன்னேன். அவர் கேட்கவில்லை, சொல்லவில்லை. நேற்றுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான், இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

மாட்டிக்கொண்டது என் சொந்த முட்டாள்தனத்தால். கடைசித் தடவை குழுவில் காட்ட முழுப் பரிசோதனை வேண்டும் என்றார். எங்கள் லேபில் முழுப் பரிசோதனை என்றால் ரத்த வகையும் தானாகவே சேர்ந்து வரும். என் வகை வேறு, அவர் வகை வேறு. இருபத்திரண்டு வருட அனுபவம், அந்த ஒரு வரி என் கண்ணில் படவில்லை. அவர் கண்ணிலும் படவில்லை. லைசென்ஸில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாக ஒப்பிக்காதவரை மாணவர்களை வண்டியில் ஏற்றாத மனிதர், தன் லைசென்ஸில் இருந்த ரத்த வகையை இந்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கொழுப்பு வரியைப் பெரிதாக்கிப் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் சட்டைப் பையிலிருந்த லைசென்ஸையும் குழு ஆள் ஒருவர் போனில் காட்டிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். ஒரு நிமிஷ வேலை.

போன வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பயிற்சி வண்டியில், ஒரு பெண்ணுக்குத் திருப்பம் சொல்லிக்கொடுக்கும்போது ஆள் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார், அதோடு முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது வகுப்பு. பதறாமல் விளக்குப் போட்டு, ஓரம் கட்டி, கைப் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறாள். சொல்லிக்கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர், அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

அன்று காலை வீட்டில் அவருக்கு ஏதாவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று முதல் நாளே கேட்டீர்கள். இல்லை என்றேன். அதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

குளித்துவிட்டு வந்தவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். துடைத்த நெற்றியில் மறுபடியும் வேர்த்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் ஜாரில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க கொஞ்சம் வாயேன்," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நெஞ்சு ஒரு மாதிரிப் பிடிக்குது. கை வேற கனமா இருக்கு."

நான் இன்னும் இரண்டு ஐஸ் கட்டியை ஜாரில் போட்டேன்.

"நீ எத்தனையோ பேரப் பாக்குற. எனக்கு என்னன்னு நீயே சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா? நீ என்ன சொல்றியோ அப்படியே செய்றேன்."

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வாசலில் அவருடைய வண்டியே நின்றது. ஜார் என் கையில் குளிர்ந்துகொண்டிருந்தது. அவசரப்பட்டு வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதாதீர்கள், மேடம். மூடியைப் போட்டு, துணி வைத்து அழுத்தி, இரண்டாவது அடியை முழுதாக அடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னேன்.

"போன வாரம் ரிப்போர்ட்டெல்லாம் நல்லாத்தாங்க வந்துச்சு. வாயுவா இருக்கும். இதக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, சரியாயிடும்."

தம்ளரை வாங்கிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சொன்னாச் சரி" என்றார். அடிவரை குடித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பத்தொன்பது வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் என் பேச்சைக் கேட்டார்.