செய்தி கேட்கப் போனவர்

"குனியுங்கோ! தலையைக் குனியுங்கோ!"

கணவரின் தம்பி ராசன் கத்துகிறான். நான் மகள் கலாவின் மேல் கவிழ்ந்து படுக்கிறேன். ஒரு விசில் சத்தம். பிறகு ஒரு அடி. முதுகில் மண் கொட்டுகிறது. காது அடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டரை. நேரம் எனக்கு நிச்சயம். பதுங்குகுழிக்குள் அப்போதுதான் வானொலியில் செய்தி தொடங்கியது.

எங்கள் பகுதியில் மோதல் இல்லையாம். பொதுமக்களுக்குச் சேதம் இல்லையாம்.

அந்த வசனம் முடியமுன் இன்னொன்று விழுந்தது.

எந்த வானொலி என்று கேட்பீர்கள். அரசாங்கம், போராளி இயக்கம் என்று இரண்டு பக்கத்து வானொலியும் கேட்டோம். ஒன்று, நாங்கள் அங்கே இல்லை என்றது. மற்றது, நாங்கள் விரும்பித்தான் அங்கே நிற்கிறோம் என்றது. என் கணவர் சிவபாலன் ஒன்றை நம்பினார். ராசன் மற்றதை நம்பினான். முருங்கனுக்குப் பக்கத்தில் வயல் செய்த காலத்திலும் அவர் அப்படித்தான். செய்தியில் மழை இல்லை என்றால் இல்லை. முற்றத்தில் காயும் நெல்லில் தூறல் விழும். அள்ள விடமாட்டார்.

இடம்பெயர்ந்து ஏழாவது இடம் அது. உழவு மெசின் எண்ணெய் தீர்ந்து வழியில் நின்றுவிட்டது. வானொலி மட்டும் கூடவே வந்தது.

"சனம் வெளியேற றோட்டுத் திறந்திட்டுதாம். காலமைச் செய்தியில கேட்டனான்," என்றார் அவர்.

"உங்கட ரேடியோ புளுகுது அண்ணை. ஏலுமெண்டால் இப்ப கேட்டுச் சொல்லுங்கோ பாப்பம்," என்றான் ராசன்.

வானொலி இரைந்தது. குழிக்குள் அலை எடுக்கவில்லை. அவர் எழும்பினார்.

"வெளியில போகாதேங்கோ!"

"இந்தா வாறன்."

படியில் ஏறி நின்று ஏரியலை இழுத்து நீட்டினார். விசில் கேட்கவில்லை. கிட்ட விழுவதற்கு விசில் கேட்காது.

பின்னேரம் அந்தக் குழிக்குள்ளேயே அவரைத் தாட்டு மண் மூடினோம். ராசனும் நானும். கலா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது.

சண்டை முடிந்து முகாமில் இருந்தோம். அதுவும் முடிந்தது. ஊருக்கு வந்தோம். வீடு இல்லை. நாலு தடி நட்டோம், மேலே தகரம் போட்டோம். தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணித்தியாலம். போகும்போது ஒருவர் கேட்டார்.

"அக்கா, தகரத்தில கை வைச்சு ஒருக்கால் சிரியுங்கோ."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும்தான் ஒளிபரப்பானது.

பிறகு ஒருவர் வந்தார். வெளிநாட்டிலிருந்து நடத்தும் இணையத்தளமாம். அவருக்கு அழுகை வேண்டும். அழுகை எனக்கு வரவில்லை. கணவரின் படத்தை வாங்கிக்கொண்டு போனார். படத்தின் கீழே இப்படிப் போட்டார்கள்: காயப்பட்டவர்களைத் தூக்கச் சென்று வீரமரணம் அடைந்தவர்.

அவர் யாரையும் தூக்கவில்லை. தூக்கக்கூடிய மனிதர்தான். அன்று தூக்கவில்லை. ஏரியலைத்தான் பிடித்திருந்தார்.

காணி அவர் பெயரில். மரணச் சான்றிதழ் இல்லாமல் வீட்டுத் திட்டத்தில் என் பெயர் வராது. அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த கிளாக்கர் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"இதில வீரமரணம் எண்டு கிடக்கு. இவர் இயக்கமோ அம்மா?"

"இல்லை ஐயா. கமக்காரன். வயல்தான் செய்தவர்."

"அப்ப ஏன் இப்பிடிப் போட்டிருக்கு?"

"எனக்குத் தெரியாது ஐயா. நான் பக்கத்தில நிண்டனான்."

"நீங்கள் சொல்லுறியள். ஆனால் போட்டிருக்கே."

நாலு தரம் போனேன். நாலு தரமும் அதே சொல். போட்டிருக்கே.

ஐந்தாம் தரம் கலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவளுக்குப் பதினைந்து. நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

"அப்பா காயக்காரரைத் தூக்கப் போனவர்," என்றாள்.

கந்தோர் வாசலில் அவளைப் பிடித்து உலுக்கினேன். "நீ பாத்தனியடி!"

"ஓம் அம்மா. பாத்தனான். ஒரு அம்மாவைத் தூக்கினவர்."

பொய் சொல்லவில்லை அவள். எனக்கு அவளைத் தெரியும். அந்த இணையப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தாளோ. அந்த அம்மாவுக்கு ஒரு சேலை நிறம் கூடச் சொன்னாள். பச்சை.

மிச்சம் இருந்த சாட்சி ராசன். வங்காலையில் கடற்கரை மீன் வாடி ஒன்றில் மீன் நிறுக்கிறான். பஸ் ஏறிப் போனேன்.

"தண்ணி அள்ளப் போனவர் எண்டு சொல்லுவம் அண்ணி. செய்தி கேக்கப் போய்ச் செத்தவர் எண்டால் ஆர் நம்பப்போயினம்?"

"அதுதானே நடந்தது தம்பி."

அவன் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தானே அவரை ஏவிவிட்டனான். அதையும் எழுத வேணுமே?"

கந்தோருக்கு வரச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த கிழமை ராசன் வந்தான். தண்ணீர்க் கதையைச் சொன்னான். கிளாக்கர் உடனே எழுதினார். தண்ணீர் அள்ளப் போய்ச் செத்தவர்கள் கனபேர். அவருக்குக் கேட்டுப் பழகிய கதை. ஒரு கேள்வி இல்லை. கைத்தொலைபேசியைத் தொடக்கூட இல்லை. ராசன் கையெழுத்து வைத்தான். நானும் வைத்தேன்.  பொய்யில் கையெழுத்து வைத்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆகையால் இதை எழுதுகிறேன்.

இழந்தவை இவை. கணவர் சிவபாலன், வயது நாற்பத்தொன்று. வேறு குழியில் தப்பி, முகாமில் காய்ச்சல் கண்டு இறந்த மாமியார். கல்வீடு ஒன்று. உழவு மெசின் ஒன்று. எருமை இரண்டு. விதைநெல் முழுவதும்.

அந்தக் குழியிலிருந்து உயிரோடு ஏறியவர்கள் மூன்று பேர். நடந்ததை நடந்தபடி சொல்ல மிச்சம் நான் ஒருத்தி.